அறுநூற்றுப் பதினான்காம் சீட்டு

மணிமொழியைப் பற்றி இப்போது யாராவது என்னிடம் நல்ல வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்ல வேண்டிய நேரத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை. அப்போதெல்லாம் "அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்பதுதான் பேச்சு. அதை முதலில் சொன்னவனே நான்தான். அதனால் இந்தக் கதையில் நான் யார் மேல் எரிந்து விழுந்தாலும், அதில் பாதிக்கு மேல் எனக்குச் சேர வேண்டியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலை என்ற கிராமத்துக்காரி. அப்பா சுப்பிரமணிக்கு இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, மணிலாக் கடலைப் பயிர். அரசுக் கல்லூரியில் கணக்கு படித்துவிட்டு 1998-ல் என் சென்டருக்கு வந்தாள். திருவூடல் தெருவில் ஒரு மாடி, நாலு கம்ப்யூட்டர், அதில் மூன்று ஓடும். வாசலில் 'கோபி கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு. கோபி என்பது நான்.

அந்தக் காலத்தில் எல்லாரும் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது விஷுவல் பேசிக். பக்கம் பக்கமாக எழுதி மண்டை காய வேண்டியதில்லை. பொத்தான், கட்டம், பட்டியல் எல்லாம் ஓரத்தில் அடுக்கியிருக்கும். வேண்டியதை மவுஸ் என்கிற எலியால் இழுத்துத் திரையில் வைத்தால் ப்ரோகிராமுக்கு முகம் வந்துவிடும். மற்ற பிள்ளைகள் பொத்தானுக்கு ரோஸ் கலர் அடித்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது, இவள் கையைத் தூக்கினாள்.

"சார், பெட்டியில பேரு அடிச்சேன். மூடித் திறந்தா காணோம். எங்க போச்சு?"

"மூடுனா போயிடும்மா. அதை ஃபைல்ல எழுதி வைக்கறது அடுத்த மாசப் பாடம்."

"அதைத்தானே சார் முதல்ல சொல்லித் தரணும்? அடிச்சது தங்கலன்னா இந்தப் பொத்தான் எல்லாம் எதுக்கு?"

வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வாய் ஜாஸ்தி என்று அன்றைக்குத்தான் சொன்னேன். ஆனால் ஆறு மாதத்தில் அவளையே சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டேன். என்னைவிட நன்றாகத் தெரிந்தவளை வெளியே விட எனக்குப் பைத்தியமா?

2001-ல் அப்பாசாமி எங்களைத் தேடி வந்தார். அரிசி மண்டிக்காரர். பௌர்ணமி தோறும் செங்கம் ரோட்டில் ஒரு பந்தல் போட்டு, கிரிவலக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, மைக்கில் பேர் சொல்லி, உறவுக்காரரிடம் சேர்க்கும் ஒரு சேவைக் குழுவுக்குத் தலைவர். நல்ல வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிடும். பேச்சு வராதவர்கள், நினைவு தப்பியவர்கள், ஊர் பேர் தெரியாதவர்கள்தான் மறுநாள் காலையிலும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். ஏதாவது ஒரு ஆதரவற்றோர் இல்லத்து வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். யாரை எந்த இல்லத்தில் ஒப்படைத்தோம் என்று ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டு டீ கொட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்.

"இதை கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க தம்பி. குழுவுக்கு ஒரு மெஷின் தானமா வந்திருக்குது" என்றார்.

எழுதியவள் மணிமொழி. காணாமல் போனவர், கண்டெடுக்கப்பட்டவர் என்று இரண்டு பட்டியல். வயது, உடுப்பு, அங்க அடையாளம், ஒப்படைத்த இடம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு எண். பந்தலில் சீட்டு எழுதுவார்கள். மறுநாள் பகலில் சந்திரம்மாள் என்ற தொண்டர் உட்கார்ந்து அவற்றை மெஷினில் ஏற்றுவார். ப்ரோகிராம் ஒரு இடத்திலும், பதிவுகள் இருக்கும் ஃபைல் வேறு இடத்திலும் இருக்க வேண்டும் என்று மணிமொழி ஒற்றைக்காலில் நின்றாள். "ப்ரோகிராமை நாளைக்கே தூக்கிப் போட்டு வேற எழுதிக்கலாம் சார். ஒரு ஆளோட அடையாளத்தை நம்மால திருப்பி எழுத முடியுமா?" என்றாள். மாதாமாதம் அந்த ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஏழெட்டு ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து வைத்தாள். 2002 ஐப்பசி வரைக்கும். அதற்குப் பிறகு அப்பாசாமி, "குழு விஷயம் வெளிய போகக் கூடாதும்மா" என்று தடுத்துவிட்டார். ஃப்ளாப்பியில் இருந்தது என்னவோ அவர் வீட்டு நகை என்ற மாதிரி. நான் அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பந்தலுக்கு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் காலை ஒருத்தி வருவாள். வெள்ளையம்மாள். செங்கம் பக்கம் ஒரு கிராமம், கூலிக்குக் களை எடுப்பவள், நாற்பத்தைந்து வயது இருக்கும். 2002 சித்ரா பௌர்ணமியில் தம்பி சுப்பனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மலை சுற்றினாள். கூட்டம் நெரித்ததில் கை விட்டுப்போயிற்று. சுப்பனுக்கு முப்பத்தாறு வயது. பேச்சு வராது. இடது கையில் ஆறு விரல். பஸ் ஹாரன் கேட்டால் சிரிப்பான். போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கள் பந்தலிலும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"பாப்பா, பொட்டியில பாரு. வந்துட்டானா?" என்று மணிமொழியிடம் கேட்பாள். மணிமொழி பார்ப்பாள். பழைய ப்ரோகிராமில் அந்தந்த மாதப் பட்டியலை மட்டும்தான் வரிசையாகப் பார்க்க முடியும். சித்திரையில் தொலைந்தவன் கார்த்திகையில் கிடைத்திருந்தால் ஆயிரம் சீட்டையும் கண்ணால்தான் தேட வேண்டும். தீபத்துக்கு வரும் கூட்டத்தில் அது ஆகிற காரியமா? அதற்காகத்தான் இரண்டாம் ப்ரோகிராமை எழுதினாள். அங்க அடையாளம் கொடுத்தால் எல்லா மாதத்தையும் துழாவி, தொலைந்தவரையும் கிடைத்தவரையும் தானே ஜோடி சேர்க்கும். மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினாள். மனசில் வைத்துக்கொண்டு எழுதியது அந்த ஆறு விரலைத்தான்.

இனி நான் செய்த வேலை.

ப்ரோகிராமை எழுதினால் மட்டும் போதாது. அதை அதற்கு வேண்டிய துணை ஃபைல்களோடு மூட்டை கட்டி, இன்னொரு மெஷினில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' அமுக்கினால் தானாகப் போய் உட்காரும்படி செட்டப் சிடி செய்ய வேண்டும். மூட்டையில் என்னென்ன போகிறது என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டம். டிக் இருந்தால் அந்த ஃபைல் போகும், இல்லாவிட்டால் போகாது. முதல் தடவை சிடி போடும்போது வெறும் பதிவு ஃபைல் ஒன்றும் சேர்ந்து போக வேண்டும், பதிவுகளை எழுத ஒரு இடம் வேண்டுமே. இரண்டாம் தடவை அது போகவே கூடாது. போனால், ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஃபைல் மேல் அந்த வெறும் ஃபைல் ஏறி உட்கார்ந்துவிடும்.

இதை மணிமொழி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பதிவு ஃபைலின் டிக்கை எடுக்கவும். சிடி போடுவதற்கு முன் பழைய ஃபைலைக் கட்டாயம் காப்பி செய்யவும். 'கட்டாயம்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அந்த இரண்டு கோடுதான் எனக்கு உறைத்தது. எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். டிக்கை எடுத்துவிட்டுத்தான் முதல் சிடி செய்தேன். சென்டர் மெஷினில் போட்டுப் பார்த்தால், அங்கே பதிவு ஃபைல் இல்லாததால் 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று சண்டித்தனம் செய்தது. விழாவில் இப்படி வந்தால் மானம் போய்விடுமே என்று டிக்கைத் திரும்பப் போட்டேன். இப்போது ஜம்மென்று ஓடியது.

விழா என்றேனே, அது அப்பாசாமியின் ஏற்பாடு. சிடி போடுவதற்குக்கூட நல்ல நேரம் பார்க்கிற ஊர் இது. தை முதல் தேதி, காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். அழைப்பிதழில் 'மென்பொருள் வடிவமைப்பு: கோபி' என்று இருந்தது. மணிமொழி பேர் மருந்துக்கும் இல்லை. நான் அச்சகத்துக்கே போய் ப்ரூஃப் பார்த்தவன். விட்டுப்போச்சு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

முதல் நாள் போகி. பந்தல் சாமான் வைக்கும் அறையைச் சுத்தம் செய்தார்கள். மூலையில் மூன்று கோணி நிறைய பழைய சீட்டு. "எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே" என்று அப்பாசாமி சொல்ல, கிழிந்த பாயோடும் உடைந்த முறத்தோடும் சேர்த்து அவற்றையும் கொளுத்தினார்கள். மேளம் அடித்துக் கொளுத்தினார்கள்.

மறுநாள் மெஷினுக்கு மாலை, திரைக்குச் சந்தனப் பொட்டு, சிபியூ மேல் எலுமிச்சம்பழம். சிறப்பு விருந்தினர் ஒருவர் பொன்னாடையோடு வந்து எலியைப் பிடித்தார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட். பாதியில் ஒரு பெட்டி எழுந்து கேள்வி கேட்டது. அவர் திரும்பி, "இன்னாய்யா கேக்குது?" என்றார். 'இதே பேரில் ஒரு ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, அதன் மேல் எழுதட்டுமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தது அது. மெஷினுக்கு இருந்த பொறுப்பு எனக்கு இல்லை. "ஒண்ணும் இல்ல சார். யெஸ் குடுங்க" என்றேன்.

குடுத்தார். கை தட்டினார்கள். பட்டியல் வெறுமையாகத் திறந்தது. "புத்தம் புதுசா எவ்வளவு சுத்தமா இருக்குது பாரு" என்று அப்பாசாமி பூரித்துப்போனார். வெறுமையாக இருப்பதைப் பார்த்து எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, புது நோட்டைத் திறந்த மாதிரிதான் இருந்தது. எதையும் சாமி பேரில்தான் தொடங்க வேண்டும் என்று விருந்தினர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி 'அண்ணாமலையார்' என்று அடித்தார். அடித்த இடம், காணாமல் போனவர் பெயர் என்ற கட்டம்.

அந்த வாரமே தைப்பூசம். மறுநாள் காலை மணிமொழி பந்தலுக்கு வந்தாள். விழாவுக்கு அவளைக் கூப்பிடவில்லை, ஆனாலும் முகத்தில் அதைக் காட்டாமல் வெள்ளையம்மாளைக் கையோடு அழைத்து வந்தாள். "உக்காருங்கம்மா. இன்னிக்கு ஒரே தட்டுல எல்லா மாசமும் தேடும்" என்றாள். இடது கை, ஆறு விரல் என்று அடித்துப் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. முழுப் பட்டியலைத் திறந்தாள். தைப்பூசத்துச் சீட்டுகள் இன்னும் ஏறவில்லை. மொத்தப் பதிவு ஒன்று. காணாமல் போனவர் அண்ணாமலையார். நிலை, கிடைக்கவில்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டிக் எடுத்தீங்களா சார்?"

அந்தத் தாள் அப்போதும் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

பக்கத்தில் இருந்த சந்திரம்மாள் மெல்ல, "ஆறு விரலா? தீபத்துச் சீட்டுல ஒரு ஆளு அப்படி இருந்தாரே. நான்தான் ஏத்துனேன். பேச்சு வராதுன்னு போட்டிருந்துச்சு. எந்த இல்லம்னுதான் ஞாபகம் வரல" என்றார்.

வெள்ளையம்மாள் சட்டென்று எழுந்தாள். "அவன்தான்! எங்கம்மா? எந்த ஊரு?"

"ஆயிரம் சீட்டுக்கு மேல ஏத்துனேன்மா..." என்று சந்திரம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார்.

ஏழு மாதம் அவன் இந்தக் கிரிவலப் பாதையிலேயே அன்னதானத்தில் சாப்பிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். தீபத்தன்று எங்கள் பந்தலுக்கே வந்திருக்கிறான். மறுநாள் காலை வெள்ளையம்மாள் வருவதற்குள் வேன் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறோம். அதைப் போகியில் ஒரு தடவை கொளுத்தி, தை முதல் தேதி மாலை போட்டு இன்னொரு தடவை அழித்தோம். ஹார்டு டிஸ்க்கைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேலே எழுதியாகிவிட்டது, வராது என்றார்கள்.

ஐப்பசி வரைக்குமான காப்பி மணிமொழியிடம் இருந்ததால் அதுவரை மீண்டது. கார்த்திகையும் மார்கழியும் போனது போனதுதான். அப்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். இந்த இரண்டு மாதத்துச் சீட்டைப் பற்றி யாராவது விசாரித்தால், 'பதிவுகள் அழிந்துவிட்டன, அடையாளத்தை எழுதி அனுப்புங்கள்' என்று ப்ரோகிராம் சொல்ல வேண்டும். நாலு வரி மாற்றினால் போதும்.

அப்பாசாமிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அழிஞ்சு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா குழு மானம் என்னாவறது? பதிவு இல்லன்னு வந்தா போதும்."

"இல்லங்கறது வேற, அழிச்சுட்டோம்ங்கறது வேற ஐயா. இல்லன்னு சொன்னா கேக்கறவங்க தேடறதை விட்டுடுவாங்க" என்றாள்.

"வாய் ஜாஸ்தியா இருக்குதே" என்று அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மணிமொழி அன்றைக்கே எழுந்து போய்விட்டாள். என் சென்டருக்கும் வரவில்லை. போளூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தாள். நல்லவேளை, தொல்லை விட்டது என்றுகூட நினைத்தேன், வெட்கம் கெட்டவன்.

அவள் விடவில்லை. எந்தெந்த இல்லத்து வேன் தீபத்துக்கு வந்தது என்று டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, போலீஸ்காரர் என்று ஒவ்வொருத்தராக விசாரித்தாள். விலாசம் கிடைக்கக் கிடைக்கக் கார்டு போட்டாள். வேலூர், விழுப்புரம், காஞ்சிபுரம், சென்னை. எல்லாக் கார்டிலும் ஒரே வாசகம். இடது கையில் ஆறு விரல், பேச்சு வராது, பஸ் ஹாரன் கேட்டால் சிரிப்பார். பாதிக்குப் பதிலே வராது. லீவு நாளில் வெள்ளையம்மாளை அழைத்துக்கொண்டு நேரிலும் போய்ப் பார்ப்பாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து நின்றுபோனது. எவனோ ஒருத்தனைத் தேடிக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள்.

2004 மாசியில் ஒரு நாள் காலை சென்டர் படியேறி வந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "கிடைச்சுடுச்சு சார். திண்டிவனம் பக்கம் ஒரு இல்லம். நீங்களும் வரணும்" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. மூன்று பேரும் பஸ் ஏறினோம். வெள்ளையம்மாள் மடியில் ஒரு புது வேட்டியும் பொரி உருண்டைப் பொட்டலமும் வைத்திருந்தாள். அவளிடம் மணிமொழி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாளாம்.

இல்லத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. நீள நோட்டு, உள்ளே நூல் கட்டிய ஃபைல். பொறுப்பாளர் அம்மா ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். பெயர் தெரியவில்லை, ஆண், இடது கை ஆறு விரல். திருவண்ணாமலைப் பந்தல், தீபம், சீட்டு எண் 614. கடைசிக் கட்டத்தில், 2003 ஆடி, காய்ச்சலில் இறந்தார் என்று இருந்தது.

வெள்ளையம்மாள் கத்தவில்லை. வேட்டியை மடியிலேயே தடவிக்கொண்டிருந்தாள். "ஆடி வரைக்கும் இருந்தானா?" என்றாள். பிறகு, "ஏம்மா, எங்களைத் தேடவே இல்லியா நீங்க?" என்று கேட்டாள்.

"தேடாம இருப்பமா? போன வருஷம் மாசியிலேயே சீட்டு நம்பரைப் போட்டு உங்க ஊருப் பந்தலுக்கு லெட்டர் எழுதினோம். பதிலும் வந்துது" என்று சொல்லி, அந்த அம்மா ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தார்.

எனக்குத் தெரிந்த தாள். ப்ரோகிராம் தானே அச்சடிக்கும் பதில் கடிதம். விசாரித்து வந்த கடிதங்களுக்கெல்லாம் வாரம் ஒரு முறை கட்டாக எடுத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தாளை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னா எழுதியிருக்குது, படிங்க சார்."

நான் மணிமொழியைப் பார்த்தேன். "படிங்க சார்" என்றாள் அவளும். இதற்குத்தான் என்னை அழைத்து வந்திருக்கிறாள்.

படித்தேன். "ஐயா, வணக்கம். தாங்கள் குறிப்பிட்டுள்ள 614 என்ற எண்ணில் எங்களிடம் பதிவு எதுவும் இல்லை. இப்படிக்கு..."

நிறுத்திவிட்டேன்.

"கீழ கையெழுத்து இருக்குதே. அது யாரு சார்?" என்றாள் வெள்ளையம்மாள். இத்தனை நாளும் அவளுக்கு நான் பந்தல் கம்ப்யூட்டர் சார், அவ்வளவுதான். என் பேர் அவளுக்குத் தெரியாது.

"நான்தாம்மா" என்றேன்.